மங்கலப் பெயர் சூடிய அரக்கு மாளிகை

வாரணாவத நகரில் பாண்டவர்களுக்காக ஒரு மாளிகை எழுந்தது. துரியோதனனின் ஏவலால் புரோசனன் அதனைக் கட்டுவித்தான். அரக்கும் நெய்யும் கொழுப்பும் சணலும் அதன் சுவர்களுக்குள் மறைந்திருந்தன. அந்த மாளிகைக்குச் சூட்டப்பட்ட பெயரோ 'சிவம்'. சிவம் என்றால் மங்கலம். எரித்துக் கொல்வதற்கென்றே கட்டிய வீட்டுக்கு மங்கலம் என்று பெயர்! உள்ளே நுழைந்த யுதிஷ்டிரர் பெயரைக் கேட்டு மயங்கவில்லை. நெய்யும் அரக்கும் கலந்த வாடையை நுகர்ந்தார், உண்மையை உணர்ந்தார்.

தீமை தன் சொந்தப் பெயரோடு எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. முதலில் ஒரு நல்ல பெயரைத் தேடிக்கொள்கிறது. பிறகே கதவைத் தட்டுகிறது.

பெயர்களின் ஊர்வலம்

கையூட்டு என்ற சொல்லை வாங்குபவரும் சொல்வதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. வடமாநிலங்களில் அது 'சாய்-பானி', தேநீரும் தண்ணீருமாம்! சற்றுப் பெரிய தொகையாக இருந்தால் 'சுவிதா சுல்க்', அதாவது வசதிக் கட்டணம். மாதம் தவறாமல் வந்தால் 'ஊபர் கீ கமாயீ', மேல்வருமானம். மும்பையின் மறைவுலகில் 'பேட்டி' என்றால் ஒரு லட்சம், 'கோகா' என்றால் ஒரு கோடி. இரண்டும் பெட்டியைக் குறிக்கும் சாதாரணச் சொற்கள். கேட்பவர் சரக்கைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொள்வார். கணக்கில் வராத பணம் 'தோ நம்பர்', இரண்டாம் எண். தமிழிலும் தெலுங்கிலும் வழங்கும் 'மாமூல்' அரபு மொழியிலிருந்து வந்தது. 'வழக்கமாக நடைபெறுவது' என்பது அதன் பொருள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் குற்றம் என்ற எண்ணமே எழாதல்லவா?

சில சொற்கள் நல்ல குலத்தில் பிறந்து இழிநிலையை அடைந்தவை. 'ஹவாலா' என்பது ஒருவரது பொறுப்பை மற்றொருவருக்கு மாற்றுவதைக் குறித்த அரபுச் சொல். பழைய வணிகர்கள் ஒருவர் வாக்கை மற்றவர் நம்பிப் பணம் மாற்றிய முறை அது. 'ஹுண்டி'யும் வணிகரின் நாணயத்தைத் தாங்கி நின்ற ஓலையே. தமிழில் அது உண்டியல் ஆயிற்று. கோயிலில் காணிக்கை இடும் பெட்டிக்கும் அதே பெயர். ஒரே சொல்லின் ஒரு முனையில் பக்தனின் காணிக்கை. மறுமுனையில் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிச் செல்லும் பணம். சொல் எந்தப் பிழையும் செய்யவில்லை. அதை ஏந்திய கை மாறிவிட்டது.

'பினாமி' என்ற பாரசீகச் சொல்லுக்குப் 'பெயரில்லாத' என்று பொருள். பிறர் பெயரில் சொத்தை மறைப்பதைத் தடுக்க 1988-ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. 2016-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இறைவனின் திருநாமத்தை நாள்தோறும் ஜபிப்பவர், தம் பெயரைச் சொல்லக் கூசும் சொத்து ஒன்றை வைத்திருக்க முடியுமா?

சொல்லால் என்ன கெடுதி?

'செயல்தானே குற்றம், சொல்லில் என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் மனம் திடுக்கிடுகிறது. அந்தத் திடுக்கிடலே மனச்சாட்சியின் குரல். மென்மையான பெயர் ஒன்றைச் சூட்டியவுடன் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. அதர்மத்தையே தர்மம் என்று எண்ணும் புத்தியைத் தாமச புத்தி என்று பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வகைப்படுத்துகிறது. அத்தகைய புத்தி ஒரே நாளில் உண்டாவதில்லை. ஒவ்வொரு தவறுக்கும் ஓர் அழகிய பெயரைத் தேடித் தேடியே அது வளர்கிறது.

இந்தி இலக்கியத்தின் பெரும் எழுத்தாளரான பிரேம்சந்த் இதனை 'நமக் கா தாரோகா' என்ற சிறுகதையில் காட்டுகிறார். வேலை தேடிப் புறப்படும் இளைஞன் வம்சீதரனுக்கு முதிய தந்தை அறிவுரை கூறுகிறார்: பதவியைப் பாராதே, மேல்வருமானத்தைப் பார். மாதச் சம்பளம் மனிதன் கொடுப்பது. மேல்வருமானமோ இறைவன் கொடுப்பதாம்! இலஞ்சத்துக்கு இறைவனையே பொறுப்பாக்கிவிட்டது அந்தச் சொல். மகனுக்கு உப்புத் துறையில் வேலை கிடைக்கிறது. ஓர் இரவு யமுனைப் பாலத்தைக் கடக்கும் வண்டிகளை நிறுத்துகிறான். அவை செல்வந்தரான அலோபீதீனின் கள்ள உப்பு வண்டிகள். ஆயிரத்தில் தொடங்கி நாற்பதாயிரம் வரை பேரம் ஏறுகிறது, அவன் அசையவில்லை. நீதிமன்றத்தில் செல்வந்தர் விடுதலையாகிறார். வம்சீதரன் வேலையை இழக்கிறான். வீட்டில் வசைச் சொற்கள். இறுதியில் அதே செல்வந்தர் அவன் வாயிலுக்கு வந்து, தம் சொத்து முழுவதையும் நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்கும்படி வேண்டுகிறார். விலைக்கு வாங்க முடிந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். பெட்டிச் சாவியை ஒப்படைக்க, வாங்க முடியாத ஒருவன்தான் அவருக்குத் தேவைப்பட்டான்.

மறைபொருளில் இரு வகை

அப்படியானால் மறைத்துப் பேசுவதெல்லாம் பாவமா? இல்லை. பாண்டவர்கள் வாரணாவதத்துக்குப் புறப்பட்டபோது விதுரர் யுதிஷ்டிரரிடம் பிறர் அறியாத மொழியில் பேசினார். அருகிலிருந்த குந்திக்கே அது விளங்கவில்லை. பின்னர் மகனிடம் கேட்டே தெரிந்துகொண்டாள். வரவிருந்த தீயைப் பற்றிய எச்சரிக்கை அது. விதுரர் அனுப்பிய ஆள் இரகசியமாகச் சுரங்கம் தோண்டினான். ஆறு உயிர்கள் பிழைத்தன. புரோசனனும் மறைத்தான், விதுரரும் மறைத்தார். ஒருவன் கொல்ல மறைத்தான். மற்றவர் காக்க மறைத்தார். மறைவு வெளிப்படும் நாளில் விதுரர் வெட்கப்பட வேண்டியதில்லை. 'இது நாளை வெளிச்சத்துக்கு வந்தால் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா?' என்ற கேள்வியே உரைகல்.

சிவம் என்ற பெயரின் பின்னிருந்த அரக்கை நுகர்ந்தறிந்த அதே யுதிஷ்டிரர், குருக்ஷேத்திரத்தில் தாமே ஒரு சொல்லை மறைத்தார். அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணர் செவியில் விழும்படிக் கூறி, யானை என்ற சொல்லைத் தெளிவின்றி முணுமுணுத்தார். அதுவரை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் சென்ற அவரது தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது. அவர் சொன்னது பொய்யல்ல. அந்தப் பெயருடைய யானை இறந்தது உண்மையே. ஆயினும் தேர் இறங்கிற்று. கேட்பவரை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படும் மெய்யும் வாய்மையாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சாதகன் செய்யத்தக்கது

பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தில் சத்தியத்தை அடுத்து அஸ்தேயத்தை, அதாவது கள்ளாமையை வைத்தார். திருவள்ளுவர் கள்ளாமையை அடுத்து வாய்மையை வைத்தார். வரிசை மாறினாலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒன்று இடிந்தால் மற்றதன் சுவரும் விரிசல் விடும்.

ஆகவே பயிற்சியைச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் 'கவனித்துவிட்டேன்' என்று சொல்ல வாய் வரும்போது, 'இலஞ்சம் கொடுத்தேன்' என்று உள்ளத்துக்குள்ளாவது சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தச் சொல் தொண்டையில் சிக்கினால், செயலையும் அங்கேயே நிறுத்தும் வலிமை பிறக்கும். குழந்தைகள் செவியில் விழுவதும் இந்தப் பெயர்கள்தாமே! தந்தை எதை மேல்வருமானம் என்கிறாரோ அதையே மகன் திறமை என்று கற்றுக்கொள்கிறான்.

'கொடுக்காவிட்டால் காரியம் நடக்காதே' என்பது இல்லறத்தாரின் உண்மையான வேதனை. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி என்று ஆயிற்று. வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் உரியவரிடம் தெரிவித்தால் அந்தத் தண்டனை அவரைச் சேராது. சட்டமும் கேட்பது ஒன்றே: மறைக்காதே, நடந்ததை அதன் பெயரால் சொல்.

தவறான வழியில் வந்ததில் ஒரு பங்கைக் கோயில் உண்டியலில் இட்டுவிட்டால் மனம் ஆறிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. இறைவனைக் கூட்டாளியாக்கும் முயற்சி அது. அவன் கேட்பது பங்கையன்று, உள்ளத்தை.

உள்ளத்தில் உண்மை, வாயில் வாய்மை, மெய்யில் மெய்மை என்று மூன்றையும் தனித்தனிப் பெயரிட்டுப் போற்றியது தமிழ். மூன்றும் ஒன்றாகும் வீட்டில் அரக்கு இல்லை. அந்த வீட்டுக்கே சிவம் என்ற பெயர் பொருந்தும்.