இரண்டு பாட்டுக்கு இடம்

ஒரு வஸ்துவின் உபயோகத்தை நிர்ணயிப்பது யார்? செய்தவனா, வாங்கியவனா, இந்த நிமிஷத்தில் கையில் வைத்திருப்பவனா? நம் வட்டத்தில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் அலுக்கும்வரை பேசப்பட்டிருக்கிறது. கவிதை எழுதியவனுடையதா, வாசிப்பவனுடையதா என்று. நான் எப்போதும் வாசிப்பவன் கட்சி. எழுதியவனின் உத்தேசம் அவன் மேஜையோடு முடிந்துவிடுகிறது, பிறகு பிரதியின் மீது அவனுக்குப் பாத்தியதை இல்லை என்று சண்டையே போட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கட்சியில் உட்கார்ந்திருப்பது சற்று அசௌகரியமாக இருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு விளையாட்டுப் பெட்டி என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2007-ல் துபாயிலிருந்து வந்த மாமா என் தம்பிக்கு ஒரு பிஎஸ்பி கொண்டுவந்தார். ப்ளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்பது முழுப் பெயர். சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானிலும் மறுவருஷம் பிற நாடுகளிலும் விற்பனைக்கு விட்ட கையடக்க யந்திரம். நடுவில் 4.3 அங்குலத் திரை, இரு பக்கமும் பொத்தான்கள், கறுப்புப் பளபளப்பு. விரல் பட்டால் ரேகை படியும். தம்பி சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பான். அவன் அப்போது பிளஸ் டூ. நான் பி.ஏ. ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு. பகலில் அது அவனுடையது. அவன் தூங்கிய பிறகு என்னுடையது.

எனக்கு விளையாட வரவில்லை. கட்டைவிரலும் கண்ணும் ஒத்துப்போக மறுத்தன. ஆனால் அந்தப் பெட்டி பாடும் என்று தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டரோடு இணைத்து, மெமரி ஸ்டிக்கில் அதற்கென்று உள்ள இடத்தில் எம்பி3 பாட்டுகளைப் போட்டால் போதும். திரைக்குக் கீழே வெளிச்சத்துக்கான பொத்தான் ஒன்று உண்டு. அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரை அணைந்துவிடும். பக்கத்திலுள்ள மின்விசையைக் கீழ்நோக்கித் தள்ளினால் மற்றப் பொத்தான்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். சங்கீதம் மட்டும் ஓடும். கண்ணைக் கட்டி, கையைக் கட்டி ஒரு வேட்டைக்காரனைப் பாடச் சொல்வது மாதிரி. அந்த இருட்டுத் திரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வருஷம்தான் சார்த்தர் படித்தேன். காகிதம் வெட்டும் கத்தியை உதாரணம் காட்டுவாரே, 1945 உரையில். கத்தியைச் செய்பவனுக்கு அது எதற்கு என்று முன்னாலேயே தெரியும், மனிதன் விஷயத்தில் அப்படி முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்ட சாரம் எதுவும் கிடையாது என்ற வாதம். எனக்கு ஒரு படி மேலே போக ஆசை. கத்திக்கும்கூடக் கிடையாது என்றேன். விளையாடச் செய்த பெட்டியை விளையாடாமல் வைத்திருக்கிறேன் பார், இதுவே ஒரு சின்ன விடுதலை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். இருபது வயதில் எழுதியதை மன்னிக்கலாம்.

பிறகு தெரியவந்த செய்தி இந்தக் கலகத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டது. 2003-ல் அந்த யந்திரத்தை முதலில் அறிவித்தபோதே, சோனியின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கென் குத்தராகி அதை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் வாக்மேன் என்றுதான் வர்ணித்திருக்கிறார். அதாவது நான் பாட்டுக் கேட்டதும் திட்டத்தில் இருந்தது. மீறல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது விற்பனைப் பிரசுரத்தில் ஒரு வரி.

அப்படியானால் வாக்மேன் எங்கிருந்து வந்தது? நிருபர்கள் பேட்டி பதிவு செய்வதற்காக அதே நிறுவனம் செய்த பிரஸ்மேன் என்ற சிறு டேப் ரிக்கார்டரிலிருந்து. பதிவு செய்யும் பாகத்தை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவில் கேட்க மட்டும் வைத்தார்கள். 1979 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. ஒரு கருவியிலிருந்து அதன் முக்கிய காரியத்தைக் கழித்தபோது இன்னொரு கருவி கிடைத்தது. அந்த முதல் மாடலில் ஒரு விசேஷம், ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறையும், உள்ளேயிருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். ஒருவர் மட்டும் தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று அகியோ மொரிட்டா அஞ்சியிருக்கிறார். தம் நூலிலும் இதைச் சொல்கிறார். ஆனால் வாங்கியவர்களுக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை. அவர்கள் அதைத் தங்களுக்கே தங்களுக்கான அந்தரங்க வஸ்துவாகப் பாவித்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் ஆரஞ்சுப் பொத்தான் மறைந்தது. செய்தவன் உத்தேசித்த நாகரிகத்தை உபயோகித்தவர்கள் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நம் கட்சிக்கு இது வெற்றிதான். கொண்டாட வேண்டிய வெற்றியா என்பதில் எனக்கு நிச்சயமில்லை.

விளையாட்டுப் பெட்டியின் வம்சாவளியும் இப்படித்தான். நின்டென்டோவில் இருந்த குன்பெய் யோகோய் ஒருநாள் புல்லட் ரயிலில் போகும்போது, எதிரே ஓர் உத்தியோகஸ்தர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். 1980-ல் வந்த கேம் அண்ட் வாட்ச் என்ற பாக்கெட் விளையாட்டின் மூலம் அதுதான் என்று சொல்லப்படுகிறது. கால்குலேட்டர் போட்டியில் விலை சரிந்து கிடந்த திரவப் படிகத் திரையை எடுத்து விளையாட்டுக்குத் திருப்பினார். வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்துவது என்பது அவருடைய சித்தாந்தம். 1989-ல் வந்த கேம்பாய் அதன் சிகரம். நான் தினம் எட்டு மணி நேரம் கவுண்டரில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன், அதைத் தட்டி விளையாட ஒருநாளும் தோன்றியதில்லை. மேதைமை என்பது எதிர் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பவனிடம் இருக்கிறது போலும்.

ஆக, எந்தப் பெட்டியும் தன் முதல் காரியத்தோடு நின்றதில்லை. ஆனால் செய்பவன் அதைச் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. 2003-ல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற மாடலில் ஹெட்போன் துளையே கிடையாது. சார்ஜ் ஏற்றும் வாயில் தனியாக ஓர் இணைப்பு வாங்கி மாட்ட வேண்டும். 2005-ல் அதே நிறுவனம் ஜப்பானில் ப்ளே-யான் என்று ஒரு கார்ட்ரிட்ஜ் விற்றது, எஸ்டி கார்டில் உள்ள பாட்டை இந்தப் பெட்டிகளில் கேட்பதற்காக. காதை முதலில் அடைத்துவிட்டு, பிறகு சங்கீதத்தை விலைக்கு விற்றார்கள். 2008-ல் வந்த டிஎஸ்ஐ பாட்டைப் பாடும், வேகத்தையும் சுருதியையும் மாற்றிக்கூடக் காட்டும், ஆனால் உலகமே வைத்திருந்த எம்பி3-ஐ ஏற்றுக்கொள்ளாது. ஏஏசி மட்டும்தான். பிஎஸ்பியில் நிலைமை இன்னும் நூதனம். வெளியார் எழுதிய சிறு நிரல்களை அதில் ஓட்ட வழி கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். நிறுவனம் அடுத்தடுத்த மென்பொருள் புதுப்பிப்புகளில் அந்த வழிகளை அடைத்தது. புதுப்பிக்காமல் இருக்கலாம், ஆனால் புதிய விளையாட்டுகள் ஓடா. 2010-ல் ப்ளேஸ்டேஷன் 3-ல் லினக்ஸ் போட்டுக்கொள்ளும் வசதியை ஒரு புதுப்பிப்பின் மூலம் நீக்கினார்கள். விற்றுக் காசு வாங்கி, வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு பொருளிலிருந்து! எழுதியவன் செத்துவிட்டான் என்று நாம் அறிவித்துக்கொண்டிருக்கும்போது, அவன் இரவில் வந்து நம் அலமாரியிலிருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேம்பாயில் ஒலிக்கு நான்கே தடங்கள். அவற்றில் ஒன்று வெறும் இரைச்சலுக்கு. 1990-களின் கடைசியிலும் 2000-ஐ ஒட்டியும் ஜெர்மனியில் ஆலிவர் விட்சோ நானோலூப் என்றும், ஸ்வீடனில் யோஹான் கொட்லின்ஸ்கி லிட்டில் சவுண்ட் டிஜே என்றும் நிரல்கள் எழுதினார்கள். அவை அந்தப் பெட்டியைப் பாட்டுக் கேட்கும் யந்திரமாக்கவில்லை, வாத்தியமாக்கின. அதை மேடைக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். நான்கு தடங்களின் வறுமையிலிருந்து மட்டுமே பிறக்கக்கூடிய ஒரு சங்கீதம் அது. கரடுமுரடானது, எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் அவர்கள் அந்தப் பெட்டியின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். நான் பிஎஸ்பியில் கேட்டது எந்தப் பெட்டியிலும் கேட்டிருக்கக்கூடியது. ஒன்றை வேறுவிதமாக உபயோகிப்பதும் ஒன்றை உபயோகிக்காமல் அதன்மேல் உட்கார்ந்துகொள்வதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை வாசிப்பிலும் நான் சரியாகக் கவனித்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. பிரதியைத் திறந்து பார்த்தவனையும், தன் சொந்தச் சரக்கை இறக்கிவைக்கப் பிரதியைத் திண்ணையாக்கிக்கொண்டவனையும் வாசகன் என்ற ஒரே பெயரால் அழைத்துவிட்டேன்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியோடு வந்த மெமரி ஸ்டிக் 32 எம்பி. சுமாரான தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பி வேண்டும். அப்படியானால் மொத்தமே அரைமணி நேரச் சங்கீதம். 2008-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பாட்டுக்கு இடம் போதவில்லை. ஒன்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. மற்றொன்று சினிமாப் பாட்டு, அதன் பெயரை இந்தப் பத்திரிகையில் சொல்லத் தைரியமில்லை. ஸ்டிக்கில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு ஃபோல்டருக்குள் ஏழெட்டு ஃபோல்டர்கள், ஒவ்வொன்றின் பெயரும் நான்கு எழுத்தும் ஐந்து எண்ணுமாகத் தொடங்கியது. எல்லாம் சேர்ந்து ஏழு எம்பியோ எட்டு எம்பியோ. எனக்கு அவை அர்த்தமில்லாத எழுத்துகள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். யந்திரம் நிச்சயமா என்று ஒருமுறை கேட்டது. எல்லா யந்திரங்களும் கேட்கின்றன.

அவை தம்பியின் ஆட்டங்கள். விளையாடியவரை சேமித்து வைத்திருந்த நிலைகள். அதில் மான்ஸ்டர் ஹன்ட்டர் ஒன்று. ஒரே மிருகத்தைத் திரும்பத் திரும்ப வேட்டையாடி, தோலும் எலும்பும் சேர்த்து, அதில் கவசமும் ஆயுதமும் செய்துகொண்டு, இன்னும் பெரிய மிருகத்திடம் போக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஆட வேண்டியதைச் சிநேகிதர்கள் இல்லாததால் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். முந்நூறு மணி நேரத்துக்கு மேல் என்று பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பெட்டியைத் திறந்தான், கொஞ்ச நேரம் பார்த்தான், மூடி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அதன்பின் அது இரவும் பகலும் என்னுடையதாயிற்று.

அதே ஃபோல்டர்களைப் பெட்டியின் திரையிலேயே திறந்து பார்த்திருந்தால், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படத்தோடும் ஆட்டத்தின் பெயரோடும் கடைசியாகச் சேமித்த தேதியோடும் தெரிந்திருக்கும். நான் அந்தத் திரையை அணைத்து வைத்துப் பழகியவன். பெட்டியைச் செய்தவன் சோனி, கேட்டவன் நான், இவ்விரண்டு பேருக்கும் நடுவில்தான் இத்தனை காலமும் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியில் முந்நூறு மணி நேரம் வாழ்ந்திருந்த ஒருவன் வழக்கில் கட்சிக்காரனாகக்கூடச் சேர்க்கப்படவில்லை. சொந்தம் என்ற வார்த்தைக்கு மாமாவின் ரசீது ஓர் அர்த்தம் தரும், சோனியின் உரிமப் பத்திரம் வேறோர் அர்த்தம் தரும். அவன் செலவழித்த சாயங்காலங்களுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. தோடி உயர்ந்தது, விளையாட்டுத் தாழ்ந்தது என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ருசியின் உயர்வை நம்பியே இந்த மாதிரிப் பத்திரிகைகள் நடக்கின்றன, அதை நான் இப்போதும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆனால் அந்த உயர்வு அழிக்கும் அதிகாரத்தையும் சேர்த்துத் தருகிறது என்று நான் எங்கே கற்றுக்கொண்டேன்?

வங்கியில் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது. பிஎஸ்பி உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. போன பொங்கலுக்குத் தம்பி ஒசூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். அலமாரியில் அது கிடந்தது. பாட்டரி உப்பிப்போய் முதுகு மூடி மூடவில்லை. தன் பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று எங்கேயோ தேடி வேறு பாட்டரி வாங்கி வந்து போட்டான். உயிர் வந்தது. பழக்கத்தில் அவன் விரல் முதலில் சேமித்த ஆட்டங்களின் பக்கம் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. பிறகு பாட்டுப் பக்கம் வந்தான். ஒன்பது பாட்டுகள். தோடியைக் காட்டி, "இதுதானாண்ணே அது?" என்றான். ஆமாம் என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டான். நடுவில் பெண் வந்து விளையாட்டு எங்கே என்று கேட்டது, கையமர்த்தினான்.

முடிந்ததும், திரையை அணைத்துவிட்டுக் கேட்க முடியுமா என்று கேட்டான். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எந்தப் பொத்தான் என்று காட்டினேன்.