பெயருக்கு உடையவன்

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, பரமக்குடியிலிருந்து என் பள்ளித் தோழன் தொலைபேசியில் கூப்பிட்டான். நாங்கள் பேசிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. என் புது எண்ணை என் தம்பியிடம் வாங்கியதாகச் சொன்னான்.

“பணம் வந்துச்சாடா? இப்ப ஒண்ணும் சிரமம் இல்லையே?” என்று கேட்டான்.

“எந்தப் பணம்?” என்றேன்.

மறுமுனையில் வெகு நேரம் பேச்சே இல்லை.

பத்து நாட்களுக்கு முன் என் பழைய மின்னஞ்சல் முகவரியிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. வெளியூர் வந்த இடத்தில் பையும் போனும் திருட்டுப் போய்விட்டன, 15,000 ரூபாய் அவசரமாக வேண்டும், இன்ன கணக்குக்கு அனுப்பு என்று அதில் எழுதியிருந்தது. தோழன் கைத்தறிச் சேலை வியாபாரம் செய்கிறவன். பட்டுநூல் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து அனுப்பிவிட்டான். அனுப்புமுன் என் எண்ணுக்குக் கூப்பிட்டும் பார்த்திருக்கிறான். “ராங் நம்பர்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனிடம் இருந்தது நான் என்றோ விட்டுவிட்ட எண்.

அந்த மின்னஞ்சல் கணக்கை நான் தொடங்கியது 2003ஆம் வருஷம், மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில். பத்து வருஷம் உபயோகித்தேன். பிறகு வேறொன்று வசதியாகக் கிடைத்ததும், பூர்வீக வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டணம் போகிறவனைப் போல், அதை விட்டுவிட்டேன். கடவுச்சொல் மட்டும் எல்லா இடங்களிலும் ஒன்றுதான். 2013இல் யாஹூவில் நடந்த திருட்டில் சுமார் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று அந்த நிறுவனமே 2017இல் ஒப்புக்கொண்டது. என் கணக்கு வேறு நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒரே சாவியைப் பத்துப் பூட்டுக்கு வைத்திருப்பவனுக்கு எந்தப் பூட்டு எங்கே திறந்தால் என்ன?

திருடனை வெளியே தள்ளிக் கணக்கை மீட்கலாம் என்று உட்கார்ந்தேன். இயந்திரம் என்னைப் பார்த்து, “நீ யார்?” என்றது. எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, மனிதனைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொன்ன கேள்வி அது. நான் சொன்ன எந்தப் பதிலிலும் இயந்திரத்துக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அடையாள எண் ஒன்றை என் பழைய தொலைபேசிக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லிற்று. விட்டுவிட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது நம் நாட்டு ஏற்பாடு. அந்த எண்ணில் இப்போது ஒரு பெண்மணி இருந்தார். கெஞ்சிக் கேட்டேன். “ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாதுங்க. நீங்கதான் அவருன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லி வைத்துவிட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

நான் நான்தான் என்று நிரூபிப்பது அவ்வளவு கஷ்டமா? வங்காளத்தில் பாவல் ஜமீன் குமாரர் ஒருவர் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாக எல்லாரும் நம்பினார்கள். பல வருஷங்களுக்குப் பின் ஒரு சன்னியாசி டாக்காவுக்கு வந்தார். அந்தக் குமாரர் நானே என்றார். 1930இல் வழக்குத் தொடுத்தார். உடம்பின் தழும்புகளும் மச்சங்களும் சாட்சியாயின. 1936இல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் அதை உறுதி செய்தது 1946 ஜூலையில். சில நாட்களில் அவர் இறந்து போனார். தன் பெயரைத் திரும்பப் பெறவே அவருக்கு ஆயுள் சரியாகிவிட்டது.

பழகிய இடத்திலிருந்து, பழகிய கருவியிலிருந்து முயன்றால் இயந்திரம் சற்று இளகும் என்றார்கள். பரமக்குடிக்குப் பஸ் ஏறினேன். தம்பி வீட்டில் என் பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடந்தது. “பிறந்த ஊர் எது?” என்று கேட்டது. இது தெரியாதா? ஆங்கிலத்தில் ஒரு ‘கே’ போட்டு அடித்தேன். தவறு என்றது. இரண்டு ‘கே’ போட்டேன். கதவு திறந்தது.

உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். வருகிற கடிதங்களெல்லாம் வேறொரு முகவரிக்குத் தாமே போய்ச் சேரும்படி திருடன் செய்திருந்த ஏற்பாட்டை நீக்கினேன். அப்போதுதான் அவன் என் பெயரில் எழுதிய கடிதத்தை முழுவதும் படித்தேன். அதன் முதல் வரி, “அம்மாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது?”

இதை அவன் எங்கே பிடித்தான் என்று தேடினேன். ஆறு வருஷத்துக்கு முன் தோழன் எனக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை என்று எழுதியிருந்தான். நான் அதைப் பிரிக்கவே இல்லை. அதைப் படித்தவன் திருடன்தான்.

அன்று மாலை ஆற்றைக் கடந்து எமனேஸ்வரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். வைகை வெறும் மணலாகக் கிடந்தது. வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. காலமாகி இரண்டு வருஷமாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறான்.

“அம்மா போனது உனக்குத் தெரியலன்னு நினைச்சேன். அப்பவாவது விசாரிச்சியேன்னு சந்தோஷமா இருந்துச்சு” என்றான் தோழன்.

நான் தலை நிமிரவில்லை. இறந்தவளின் கண்ணைப் பற்றி நலம் விசாரித்த அந்த ஒரு வரியே அது பொய்க் கடிதம் என்று காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அது காட்டிக் கொடுக்கவில்லை. திருடனுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது தோழனுக்கு நன்றாகத் தெரியும்.

கம்பராமாயணத்தில் இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டும் கொடுத்தனுப்பவில்லை. தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த சில நிகழ்ச்சிகளையும் சொல்லி அனுப்புகிறான். சன்னியாசி வேடத்தில் வந்தவனிடம் ஒரு முறை ஏமாந்தவள், மோதிரத்தை மட்டும் பார்த்து எப்படி நம்புவாள்? மோதிரம் களவு போகக் கூடியது. சேர்ந்து வாழ்ந்த வாழ்வு களவு போகாது. ஆனால் அந்த வாழ்வு இருந்தால்தானே அடையாளம் சொல்ல முடியும்? எங்கள் நட்பில் கடைசியாக மிஞ்சியிருந்தது ஒரு பழைய கடிதம். அது திருடனுக்கும் கிடைத்துவிட்டது.

வீடு புகுந்தவன் குற்றத்தை வீட்டுக்காரன் தலையில் கட்டுவது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். குற்றம் திருடனுடையதுதான். பிறர் கடவுச்சொல்லைத் திருடி உபயோகிப்பவனுக்கும் கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுகிறவனுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் 3 வருஷம் வரை சிறை விதிக்கின்றன. அதில் என்னைச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. தோழன் பணம் கொடுத்தது என் பெயருக்கு. அந்தப் பெயரை நான் கவனிப்பாரில்லாமல் போட்டுவைத்திருந்தேன். ஒருவன் அதில் குடியேறி, நான் செய்ய வேண்டிய விசாரிப்பையும் செய்து, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பணமோசடிக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் 1930 என்ற எண்ணில் தோழன் புகார் சொல்லியிருந்தான். உடனே சொன்னால் பணத்தை வழியில் மறிக்க இடமுண்டு. ஆனால் பத்து நாள் கடந்துவிட்டது. நான் 15,000 ரூபாயை எடுத்து நீட்டினேன்.

“நீ கேக்கலையே, எதுக்குக் குடுக்கிற?” என்றான்.

வெகு நேரம் வாதாடினோம். கடைசியில் பாதி வாங்கிக்கொண்டான். “குரலைக் கேட்டுட்டு அனுப்புங்கன்னு இவ அப்பவே சொன்னா. நான் கேக்கல. மீதிப் பாதி என் கணக்கு” என்று மனைவியைக் காட்டினான்.

புறப்படும்போது அவன் மனைவி, “அண்ணே, உங்க நம்பரைச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு தம் போனிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். என் சட்டைப் பையில் மணி அடித்த பிறகுதான் பேனாவை மூடினார்.