பேற்மனைப் பார்த்துச் சிரிப்பது

1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரொறன்ரோவின் நிதிப் பகுதியும் சில உணவகங்களும் நியூயோர்க்காக வேடமிட்டன. 'அமெரிக்கன் சைக்கோ' படப்பிடிப்பு. இந்த நகரம் ஹொலிவூட்டுக்காக வேடமிடுவது புதிதில்லை, இங்கே செலவு குறைவு. ஆனால் இந்தப் படத்தை மட்டும் இங்கே எடுக்கவிடக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. காரணம் போல் பேர்னாடோ. 1987இலிருந்து ஸ்காபரோவில் பெண்களை வன்புணர்ந்தவன், பிறகு பதின்ம வயதுச் சிறுமிகளைக் கொன்றவன். 1995இல் வழக்கு நடந்தபோது, அவனுடைய வீட்டில் இந்த நாவலின் பிரதி ஒன்று இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நான்கு வருடத்தில் ஒரு நகரம் அதையெல்லாம் மறந்துவிடாது.

ஸ்காபரோ என்றதும் நம்மில் பலருக்குக் கோயிலும் கொத்துரொட்டிக் கடையும்தான் நினைவுக்கு வரும். 83க்குப் பிறகு வந்த குடும்பங்கள் பல, பேர்னாடோ திரிந்த அதே ஆண்டுகளில்தான் அங்கே குடியேறிக்கொண்டிருந்தன. அவன் குறிவைத்தது இரவில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்த பெண்களை. தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் அக்காவைக் கூட்டிவரத் தரிப்பிடத்தில் காத்து நின்ற தம்பிமார் இன்று என்னைவிட மூத்தவர்கள். அவர்களிடம் இந்தக் கதைகளைக் கேட்டிருக்கிறேன். நான் முதுகலைப் படிப்புக்காக இங்கே வந்தபோது அந்தப் பயம் ஓய்ந்துவிட்டிருந்தது.

நாவல்தான் அவனைக் கெடுத்தது என்ற வாதம் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. புத்தகம் வெளிவந்தது 1991 மார்ச்சில். அவன் தொடங்கியது அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பு. ஆனாலும் எதிர்த்தவர்களின் மனதில் இருந்த கேள்வி இதைவிடக் கனமானது என்று நினைக்கிறேன். பெண்களைக் கொல்கிறவனை வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கலாமா? அதைப் பார்த்துச் சிரிக்கும்போது நாங்கள் யாருடைய பக்கத்தில் நிற்கிறோம்?

நாவல் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 நவம்பரில், அச்சுக்குப் போகும் நேரத்தில், சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் அதைக் கைவிட்டது. 300,000 டொலர் முற்பணம் எழுதியவரிடமே தங்கிவிட்டது. பிரெட் ஈஸ்டன் எல்லிஸுக்கு அப்போது 26 வயது. விண்டேஜ் அதை வாங்கி மென்னட்டைப் பதிப்பாக வெளியிட்டது. பெண்கள் அமைப்புகள் புறக்கணிக்கச் சொன்னார்கள், எழுதியவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவுஸ்திரேலியாவில் பிளாஸ்ரிக் உறையில் மூடி வளர்ந்தவர்களுக்கு மட்டும் விற்றார்கள். குயின்ஸ்லாந்தில் அதுவும் இல்லை. எதிர்த்தவர்களில் ஒருவர் குளோரியா ஸ்ரைனம். படம் வந்த அதே 2000ஆம் ஆண்டில் அவர் மணம் முடித்தது கதாநாயகன் கிறிஸ்ரியன் பேலின் தகப்பனாரை! எந்தத் திரைக்கதையிலும் இதை எழுதினால் நம்பமாட்டார்கள்.

முதல் தடவை நான் அந்த நாவலை முப்பது பக்கத்தோடு மூடிவைத்தேன். வோல் ஸ்ரீற்றில் வேலை செய்யும் பற்றிக் பேற்மன் தன் கோட்டின் துணி, சேர்ட்டின் கம்பனி, அன்றைக்குச் சாப்பிட்ட மீன், பூசிய களிம்பு எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். ஒரு பெண்ணின் உடலுக்கு என்ன செய்தான் என்பதையும் அதே குரலில் ஒப்பிக்கிறான். ஏற்ற இறக்கமே இல்லை. இந்தச் சலிப்புத்தான் நூலின் பொறி. கம்பனிப் பெயர்களைத் தாண்டித் தாண்டிப் படிக்கிற வாசகர், ஏதாவது நடக்காதா என்று ஏங்கத் தொடங்குகிறார். நடப்பது கொலை. எதற்காக ஏங்கினோம் என்று அப்போதுதான் தெரிகிறது. எல்லிஸ் அதைத் திட்டமிட்டுத்தான் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். ஆனால் அதற்காக அத்தனை பக்கச் சித்திரவதை தேவைதானா என்று கேட்டால், இன்றும் எனக்கு உடன்பாடில்லை.

இதை எப்படிப் படமாக்குவது? தாளில் ஒரு பந்தி முழுக்க வன்முறை இருந்தாலும் அங்கே எவருக்கும் காயமில்லை. திரையில் ஒரு நடிகை வந்து படுக்கவேண்டும். கமராவை எங்கே வைப்பது என்று ஒருவர் முடிவுசெய்யவேண்டும். நாவலுக்கு உண்மையாக இருப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்குத் துரோகமாகிவிடும். பல நெறியாளர்களின் கைமாறிப் படம் மேரி ஹரனிடம் வந்தது. கனடாவில் பிறந்தவர். குவினவியர் ரேனரோடு சேர்ந்து திரைக்கதையை எழுதினார். நடுவில் 1998இல் தயாரிப்பாளர்கள் 20 மில்லியன் டொலர் கொடுத்து டிகப்ரியோவைப் போட நினைத்தார்கள். ஹரன் பேலை விட்டுக்கொடுக்காததால் வெளியே போகவேண்டி வந்தது. டிகப்ரியோ விலகிய பிறகு திரும்ப அழைக்கப்பட்டார். கடைசியில் படம் சுமார் 7 மில்லியனில் முடிந்தது.

இரண்டு பெண்கள் சேர்ந்து இந்த நூலிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம். சித்திரவதையில் பெரும்பகுதியை விட்டுவிட்டார்கள். போல் அலன் என்ற சக ஊழியனைப் பேற்மன் கோடரியால் கொத்தும்போது நமக்குத் தெரிவது மழைக்கோட்டுப் போட்ட பேற்மனும் அவன் முகத்தில் தெறிக்கும் இரத்தமும் மட்டுமே. அதற்கு முன்னால் அவன் ஒரு பொப் பாட்டின் அருமை பெருமைகளை விரிவுரை செய்கிறான். நாம் சிரிக்கிறோம். சிரிப்பது அவனுடைய அற்பத்தனத்தைப் பார்த்து. செத்தவனைப் பார்த்து அல்ல.

விசிற்றிங் கார்ட் காட்சி எல்லோருக்கும் தெரியும். ஒரு மேசை, நான்கைந்து ஆண்கள், ஒவ்வொருவராகத் தங்கள் அட்டையை எடுத்து வைக்கிறார்கள். எல்லாம் வெள்ளை. எல்லாவற்றிலும் ஒரே பதவி, உப தலைவர். தாளின் தடிப்பிலும் எழுத்து வடிவத்திலும் மயிரிழை வித்தியாசம். போல் அலனின் அட்டையைக் கையில் எடுத்ததும் பேற்மனுக்கு விரல் நடுங்கி வியர்க்கிறது. நான் வங்கிகளுக்கு மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன். அட்டை போய் லிங்க்ட்இன் வந்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. ஒரு கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் பதவிப் பெயரில் 'முதுநிலை' என்ற சொல் புதிதாக ஏறியிருப்பதைக் கண்டு ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரைக்கும் சிரிப்பது சுலபம். என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு இரண்டு காட்சிகள்.

ஒன்று சலவைக் கடை. இரத்தக் கறை படிந்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சரியாகத் துவைக்கவில்லை என்று அந்தச் சீனக் கடைக்காரர்கள் மீது பேற்மன் பாய்கிறான். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. வாயை மூடாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறான். படத்தில் அவன் உண்மை பேசும் சொற்ப இடங்களில் இது ஒன்று. அவளுக்குப் புரியவில்லை. திரையரங்கில் இதற்குச் சிரிப்பு எழும். அம்மாக்களும் அப்பாக்களும் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஆங்கிலம் விளங்காமல் ஏச்சு வாங்கிய வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

மற்றது கிறிஸ்ரி. தெருவில் நிற்கும் ஒரு பெண்ணுக்குப் பேற்மன் வைத்த பெயர் அது. ஒருதரம் கூட்டிப்போய் அடித்துக் காயப்படுத்தி அனுப்புகிறான். கொஞ்சக் காலம் கழித்து அவனுடைய நீளக் கார் மறுபடி வந்து நிற்கிறது. அவள் தயங்குகிறாள். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது என்கிறாள். அவன் பணத்தை நீட்டுகிறான். காரா சீமோரின் முகத்தில் அந்தச் சில விநாடிகளில் ஓடுவதை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏறுகிறாள். அங்கே ஒரு பகிடியும் கிடையாது. ஹரன் சிரிப்பை எங்கே நிறுத்தினார் என்று கேட்டால் நான் இந்த இடத்தைக் காட்டுவேன்.

தமிழில் இதற்குக் கிட்டவான படம் 1978இல் வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. அதிலும் கொலைகாரன் பணக்காரன், கோட்டு சூட்டுப் போட்டவன், பெண்களுக்குப் பிடித்தமானவன். கமல்ஹாசன் நடித்தது. ஆனால் அந்தப் படம் அவனுக்கு ஒரு பால்யத்தைக் கொடுக்கிறது. சிறுவயதில் பெண்கள் அவனுக்குச் செய்த கொடுமையும் அவன் கண்ட துரோகமும்தான் அவனை இப்படி ஆக்கின என்கிறது. காரணம் சொல்லப்போய், கடைசியில் பெண்கள் மீதே பழி விழுகிறது. அந்தக் காலத்தில் அதைப் பார்த்து மிரண்டவர்களுக்கு இது உறைத்திருக்காது. ஹரன் பேற்மனுக்குப் பால்யமே கொடுக்கவில்லை. அவன் ஏன் இப்படி என்பதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாததால் அனுதாபத்துக்கும் இடமில்லை. இது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

தணிக்கைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்கத் தரப்படுத்தல் குழு முதலில் படத்துக்கு ஆகக் கடுமையான முத்திரையைக் குத்தியது. ஆட்சேபம் கோடரிக்கு அல்ல, சங்கிலி வாளுக்கும் அல்ல. பேற்மன் இரண்டு பெண்களோடு படுக்கும் காட்சிக்கு. சில விநாடிகளை வெட்டியதும் முத்திரை இறங்கியது. அந்தக் காட்சியில் அவன் செய்வதெல்லாம் கண்ணாடியில் தன் புயத்தை முறுக்கித் தன்னையே ரசிப்பதுதான்.

இனி எனக்குச் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். அக்காவின் மகனுக்கு 19 வயது. அவனுடைய வட்ஸ்அப் படம் பேற்மன். காதில் ஹெட்போன், முகத்தில் சலனமில்லை. அவனுடைய நண்பர்கள் பாதிப்பேருக்கும் அதுதான்.

"இவனிலை என்ன பிடிச்சிருக்கு தம்பி?"

"அவனுக்கு ஒருத்தற்ற வலிடேஷனும் தேவையில்லை மாமா. காலமை எழும்பி எக்சசைஸ் செய்யிறான், தன்ரை பாட்டிலை இருக்கிறான்."

"படம் முழுக்கப் பாத்தனியோ?"

"இல்லை. கிளிப்ஸ்தான்."

அடுத்தவனின் அட்டைத் தாளின் தடிப்பைக் கண்டு வியர்த்து நடுங்குகிறவனுக்கு எவருடைய அங்கீகாரமும் தேவையில்லையாம்! முழுப் படத்தையும் சேர்ந்திருந்து பார்த்தோம். கோடரிக் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தான். கிறிஸ்ரி காரில் ஏறும்போது போனை எடுத்துப் பார்த்தான். அதைச் சலிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கும் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். படத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, அவனும் மாற்றவில்லை.

வோல் ஸ்ரீற் இளைஞர்கள் பேற்மனைக் கொண்டாடுவது தனக்குப் புரியாத விஷயம் என்று ஹரனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றஞ்சொல்ல எனக்கு மனமில்லை. முழுப் படத்துக்கு அவர் பொறுப்பு, யாரோ வெட்டி இசை ஒட்டிய முப்பது விநாடிக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? இருந்தும் அந்த முப்பது விநாடி எங்கிருந்தோ வரவில்லை. காலைக் குளியல், களிம்பு, வயிற்றுத் தசை, வெள்ளைச் சுவர் என்று படத்தின் தொடக்கம் பார்க்க அழகாக இருக்கிறது. பேல் அழகாக இருக்கிறார். கேலிசெய்வதற்காகத் துலக்கி வைத்த பொருளை ஒருவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போனால், துலக்கியவரின் கைக்கும் அதில் கொஞ்சம் பங்குண்டு.

பெரிய குறை முடிவில் இருக்கிறது. கொலை நடந்த வீட்டுக்குப் பேற்மன் திரும்பிப் போகிறான். சுவருக்கு வெள்ளையடித்து, விற்பனைக்குத் தயாராக இருக்கிறது. வீட்டு முகவரான பெண், தகராறு செய்யாமல் போய்விடுங்கள் என்கிறாள். வீட்டின் விலை விழக் கூடாது என்பதற்காகப் பிணங்களை மறைத்தார்களா, அல்லது பிணங்களே இல்லையா? (ரொறன்ரோவில் வீடு வாங்கி விற்றவர்களுக்கு முதலாவதை நம்புவதில் சிரமம் இருக்காது.) வக்கீலிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். வக்கீல் அதைப் பகிடி என்று எடுத்துக்கொள்கிறார், அவனை வேறு யாரோவென்று நினைத்துப் பேசுகிறார், போல் அலனோடு லண்டனில் சாப்பிட்டேன் என்கிறார். பார்த்தவர்களில் பெரும்பாலோர் எல்லாம் அவனுடைய கற்பனை என்ற முடிவோடு எழுந்து போகிறார்கள். அப்படி நினைக்கவிட்டது தன் தவறு என்று ஹரன் ஒத்துக்கொண்டிருக்கிறார். கற்பனைதான் என்றால் காரில் ஏறத் தயங்கிய அந்தப் பெண்ணும் இல்லையென்று ஆகிவிடுகிறாள். நம் சிரிப்புக்கும் கணக்குக் கேட்க ஆளில்லை.

இந்த வாசிப்பை நான் ஏற்காததற்கு ஜீன்தான் காரணம். குளோயி செவினி நடித்த செயலாளர். ஒருதரம் பேற்மனின் வீடு வரைக்கும் போய், தெரியாமலே உயிர்தப்பி வந்தவள். வக்கீல் சிரித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அவள் கந்தோரில் அவனுடைய மேசை லாச்சியைத் திறந்து குறிப்புப் புத்தகத்தை எடுக்கிறாள். பக்கம் பக்கமாகப் பெண்களைச் சிதைக்கும் கிறுக்கல் படங்கள். அவன் செய்தானோ செய்யவில்லையோ, நாள் முழுக்கத் தனக்கு முன்னால் இருந்தவன் எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுதபடி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள். அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனாளா என்று படம் சொல்வதில்லை.