காணிக்கையும் கட்டணமும்

கோயிலுக்குள் பணம் நுழைந்தது இக்காலத்தில் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் பக்தியும் கணக்கும் அருகருகே நிற்கின்றன. 1010-இல் ராஜராஜன் நிறைவு செய்த அக்கோயிலின் பொருள் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார்கள். ஆடு மூத்தாலும் மாண்டாலும் குட்டிகளால் எண்ணிக்கை நிரம்பியாக வேண்டும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். முதல் அழியாமல் விளைவு மட்டும் இறைபணிக்குப் போகும்படி வகுத்த ஏற்பாடு இது. விளக்கேற்றக் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் அந்த ஒளி ஒன்றாகவே கிடைத்தது.

வணிகர்களும் இவ்வழியே வந்தவர்கள். நகரத்தார் தங்கள் வணிக வருவாயில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கி, அதைக் கொண்டு திருப்பணிகள் செய்தனர், சத்திரங்கள் அமைத்தனர். விருதுநகரில் நாடார் உறவின்முறையின் பொதுநிதி பள்ளிக்கூடம் நடத்தியது. பெரியபுராணம் காட்டும் அமர்நீதி நாயனாரும் பழையாறையில் துணியும் பொன்னும் விற்ற வணிகர்தாம். அடியார் கொடுத்துவைத்த கோவணம் காணாமற்போனபோது, அதற்கு ஈடாகத் தம் செல்வம் முழுவதையும் தராசில் வைத்தார், தட்டு சமமாகவில்லை. மனைவியோடும் மகனோடும் தாமே ஏறி நின்றபோதுதான் சமமாயிற்று. வணிகம் இறைவழிக்குப் பகை என்று அவ்வரலாறு சொல்லவில்லை. நாள்தோறும் கையாண்ட தராசிலேயே அவர் தம்மைக் கொடுத்தார்.

கோயிலுக்கும் பணத்துக்கும் உள்ள இந்த உறவில் ஆழமான மாற்றம் அண்மைக் காலத்தது. திருப்பதி திருமலைக் கோயில் அதைத் தெளிவாகக் காட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயிலின் வருவாய் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்துக்கு வந்தது. 1930-களில் தேவஸ்தானம் அமைந்தது. மலைப்பாதையும் பேருந்தும் வந்தபின் கூட்டம் பெருகியது. சந்நிதியோ பெருகக்கூடியதன்று. ஒரு நாளில் இத்தனை பேர்தான் பெருமாள் முன் நிற்க முடியும் என்ற நிலையில், சந்நிதியில் நிற்கும் நேரமே அரிய பொருளாயிற்று. அரிய பொருளுக்கு விலை வைப்பது சந்தையின் இயல்பு. அவ்வாறு வந்ததே 300 ரூபாய் சிறப்பு நுழைவுச் சீட்டு. ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை தருவோருக்கு விஐபி பிரேக் தரிசனமும் உண்டு. கட்டணமில்லாத சர்வ தரிசனத்தில் நிற்பவர், கூட்ட நாட்களில் பல மணி நேரம் காத்திருக்கிறார்.

நிர்வாகத்தின் தரப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்ரீவாணி நிதி சிற்றூர்களில் கோயில் கட்டச் செலவாகிறது. தேவஸ்தானம் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நடத்துகிறது. ஆனால் நோக்கம் நல்லதாக இருப்பதால் வழி சரியாகிவிடாது. காணிக்கை என்பது கைம்மாறு கருதாமல் தருவது. தந்தவுடன் முன்வரிசை கிடைக்குமானால், பெயர் என்னவாயினும் அது விலையே. இறைவனுக்கு முன் எல்லாரும் ஒன்று என்று வாயால் சொல்லிக்கொண்டு, வரிசையில் மட்டும் பணத்தால் பிரிப்பது சமயத்தின் உயிரையே தொடுகிறது.

சந்தையின் எல்லாக் கருவிகளும் இப்படித் தீங்கானவை அல்ல. திருப்பதி லட்டு 2009-இலும் பழனி பஞ்சாமிர்தம் 2019-இலும் புவிசார் குறியீடு பெற்றன. அப்பெயரில் போலிகள் விற்கப்படுவதைத் தடுக்க அது உதவுகிறது. பக்தரின் நம்பிக்கைக்குக் காவல். தொலைக்காட்சி நேரலையும் இணைய முன்பதிவும், நடக்க இயலாத முதியவருக்கும் தொலைவில் வாழ்பவருக்கும் பெரும் உதவி. இவை எவருடைய இடத்தையும் பறிப்பதில்லை.

விலைக்கு இடமே தராத நெறியும் இம்மண்ணில் வேரூன்றி இருக்கிறது. 1867-இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பசி ஒன்றே அங்கே நுழைவுச் சீட்டு. திருமலையிலும் 1985 முதல் நித்திய அன்னதானம் நடக்கிறது. பத்தாயிரம் கொடுத்தவரும் கால்நடையாக மலை ஏறியவரும் ஒரே பந்தியில் உண்ணலாம். சாப்பாட்டில் கைகூடிய சமத்துவம் தரிசனத்தில் கைகூடாது என்று சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டு அறநிலையத் துறை 2021-இல் முடி காணிக்கைக் கட்டணத்தை நீக்கி, முடி எடுக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. கட்டணத்தை எடுத்துவிட்டால் கோயில் நடக்காது என்ற அச்சத்துக்கு இதுவே விடை. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் தனி வழி இருக்கட்டும். முடி காணிக்கைக் கட்டணத்தை அடுத்து நீக்க வேண்டியது சிறப்பு தரிசனக் கட்டணம். அறங்காவலர்கள் அதற்கு முன்வர வேண்டும்.