செஞ்சோற்றுக் கடனும் சரணாகதியும்

உத்ஸவ சேவைக்கென நெடுந்தொலைவு கடந்து வந்து, புறப்பாட்டுக்குக் காத்திருக்கும் வேளையில் இம்மலரைப் புரட்டும் தங்கள் முன் அடியேன் ஒரு வினாவைச் சமர்ப்பிக்கிறேன். அவ்வினா அடியேனுடையது அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் கம்பநாட்டாழ்வாரின் கும்பகர்ணன் வதைப் படலத்தை உபந்நியாசம் செய்து முடித்தேன். தீர்த்தம், சடாரி ஆகி அனைவரும் கலைந்த பின்னும் ஒருவர் தூணோரம் தயங்கி நின்றார். நெல் மண்டி ஒன்றில் கணக்கெழுதுபவர். “ஸ்வாமி, என் முதலாளியின் சோற்றை இருபது வருஷமாக உண்கிறேன். என் பெண்ணின் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர். இப்போது பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார். ஏமாறப் போகிறவர்கள் நெல் போட்ட குடியானவர்கள். நான் கும்பகர்ணனாக இருப்பதா, விபீஷணனாக இருப்பதா? தேவரீர் இருவரையுமே புகழ்ந்துவிட்டீரே!” என்றார். அடியேனுக்கு வாய் அடைத்துப் போயிற்று.

புகழ்ந்தது உண்மை. புகழாமல் எப்படி இருப்பது? கம்பர் காட்டும் கும்பகர்ணன் உறங்கிக் கிடந்த வெறும் உடல் அல்லன். பிறன் மனைவியைச் சிறையில் வைத்துக்கொண்டு மானத்தைப் பற்றிப் பேசுகிறோமே என்று மந்திராலோசனைச் சபையில் தமையனை இடித்துரைத்தவன். துயில் எழுப்பப்பட்ட பின்னும், தேவியை விட்டுவிடு என்றே சொன்னான். செவி சாய்க்கப்படவில்லை என்று கண்டதும், நான் தோற்றேனாயின் நீயும் தோற்பது திண்ணம், அப்போதேனும் அவளை விட்டுவிடு என்று கூறிப் போர்க்கோலம் பூண்டு போனான். களத்தில் விபீஷணன் எதிரே வந்து, எங்கள் பக்கம் வந்துவிடு என்று கெஞ்சுகிறான். வளர்த்து ஆளாக்கிப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடாமல் போக மாட்டேன் என்கிறான் கும்பகர்ணன். வான்மீகத்தில் இத்துணை விரிவு இல்லை. தமிழ் மண்ணில் கம்பர் கையால் மலர்ந்த காட்சி இது.

இதே கடனைத்தான் வெள்ளித்திரையிலும் நம்மவர் கண்ணீரோடு கண்டனர். 1964ஆம் ஆண்டு பொங்கலன்று வெளிவந்தது பி. ஆர். பந்துலு அவர்களின் ‘கர்ணன்’. கர்ணனாகச் சிவாஜி கணேசனும் கண்ணபிரானாக என். டி. ராமராவும் தோன்றினர். 2012இல் அப்படம் புதுப்பிக்கப்பட்டுத் திரையிடப்பட்டபோது, பேரப்பிள்ளைகளின் தலைமுறையும் திரண்டு சென்று பார்த்தது. தேர்க்காலில் சாய்ந்து, குருதி வழியக் கிடந்தவன் தன் புண்ணியம் முழுவதையும் தாரை வார்க்கும் இடத்தில் கொட்டகையில் விசும்பல் எழாமல் இருந்ததில்லை. அடியேனும் விசும்பினேன். அது வில்லிபுத்தூரார் பாரதம் தந்த செல்வம். அந்தணராக வந்து யாசித்த மாயவன் வரம் கேள் என்றபோது, எந்தப் பிறவியிலும் இல்லையென்று சொல்லாத இதயம் வேண்டும் என்று கேட்டவன் அவன்.

ஆயினும் படம் பார்த்துத் திரும்பும்போது நம் நெஞ்சில் நிற்பது கர்ணனின் கொடை. நிற்காமல் நழுவிப் போவது ஒன்று உண்டு. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்த நாளில் அவளைச் சொல்லத்தகாத சொல்லால் இகழ்ந்து, ஆடையைக் களையச் சொன்னவனும் அவனே. வியாஸ பாரதம் இதை மறைக்கவில்லை. பின்னாளில், கண்ணன் பிறப்பின் இரகசியத்தைக் கூறி அரசை ஏற்கும்படி அழைத்தபோது, பாண்டவரைக் கடுஞ்சொல் கூறியதற்காக இன்று வெந்து போகிறேன் என்று அவன் வருந்தினான் என்பதையும் அது மறைக்கவில்லை. கும்பகர்ணன் கண்டித்த பின் கடன் தீர்த்தான். கர்ணனோ கண்டிக்க வேண்டிய இடத்தில் கூடவே சேர்ந்து நகைத்தான். செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரே சொல்லால் இருவரையும் மூடிவிடுதல் தகாது என்பது அடியேனின் துணிபு.

விபீஷணனுக்கு வருவோம். நம் நாட்டு மேடைகளில் அவன் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. உடன்பிறந்தாரைக் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். அங்ஙனம் ஏசுவோரிடம் அடியேன் கேட்பது இது: 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயண’த்தில் பரதன் தாயின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று துடித்தபோது நாம் ஏன் உருகினோம்? மூதறிஞர் ராஜாஜியே அப்படத்தைக் கண்டு பரதனாக நடித்தவரைப் பாராட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. பத்து மாதம் சுமந்த தாய்க்குப் பட்ட கடனைவிடச் சோற்றுக்கடன் பெரிதா? அவள் பெற்றுத் தந்த அரசை உதறியவன் உத்தமன் என்றால், தமையன் தந்த வாழ்வை உதறியவன் மட்டும் துரோகி ஆவது எப்படி?

விபீஷணன் எதை விட்டு வந்தான் என்று எண்ணிப் பாருங்கள். மனைவி மக்களையும் செல்வத்தையும் விட்டு, நால்வர் துணையோடு வந்து ஆகாயத்தில் நின்றான். கம்பர் காவியத்தில் அசோகவனத்தில் பிராட்டிக்குத் துணையிருக்கும் திரிசடை அவன் திருமகள். இராவணனின் சினம் தகிக்கும் ஊரிலே அப்பெண்ணை விட்டுவிட்டன்றோ கடல் கடந்தான்! வந்த இடத்திலும் வரவேற்பு இல்லை. இவனைக் கொல்ல வேண்டும் என்றான் சுக்ரீவன். சொன்னவனும் தமையனைப் பிரிந்து வந்தவன்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அனுமன் ஒருவனே பரிந்து பேசினான். பெருமாள் திருவுள்ளமோ, இராவணனே வந்தாலும் அபயம் என்று அதற்கும் அப்பால் சென்றுவிட்டது. இந்த ஒரு பிரகரணத்தைக் கொண்டே ஸ்வாமி வேதாந்த தேசிகன் ‘அபயப்ரதானஸாரம்’ என்று தனி ரஹஸ்யக்கிரந்தம் அருளினார்.

மாண்டவனுக்கு ஒரு நாழிகையில் புகழ் வந்து சேர்கிறது, திரைச்சீலையும் விழுந்துவிடுகிறது. விபீஷணனோ வாழ வேண்டியிருந்தது. நிகும்பிலையில் இந்திரஜித் முகத்துக்கு நேரே இழித்துப் பேசியதைக் கேட்க வேண்டியிருந்தது. தமையனுக்கு ஈமக்கடன் செய்யக் கை நடுங்கியபோது, பகை மரணத்தோடு முடிந்தது, இவன் உனக்குப் போலவே எனக்கும் என்று பெருமாளே தேற்ற வேண்டியிருந்தது. இந்த வீரத்தைப் படம் பிடிப்பது கடினம்.

இன்னொன்று. அவனை ஏச முழு உரிமை உடையவன் கும்பகர்ணன். அவன் ஏசவில்லை! களத்தில் தம்பியைக் கண்டதும் அவன் பதறியது, நீயும் இங்கு வந்து மடிந்தால் எங்களுக்கு எள்ளும் நீரும் இறைப்பவர் யார் என்றுதான். நீ போன வழி உனக்குத் தகும், எனக்கு இதுவே தகும் என்று தழுவி விடைகொடுத்தான். வீழும் தருவாயில் இராகவனிடம், மூக்கிழந்த என் முகத்தை எவரும் காணாதபடி தலையைக் கடலில் தள்ளிவிடு என்று வேண்டியதோடு, என் தம்பியைத் தமையன் கையில் சிக்காமல் காத்தருள் என்றும் வேண்டினான். பெரியோர்கள் தர்மத்தைச் சாமானியம் என்றும் விசேஷம் என்றும் பிரித்தனர். முன்னதில் நின்றவனுக்கும் பின்னதன் உயர்வு தெரிந்தே இருந்தது.

மண்டிக் கணக்கருக்கு அன்றிரவு இவ்வளவும் சொல்ல அடியேனுக்குத் தோன்றவில்லை. “முதலில் இருவரும் செய்ததைச் செய்யும்; முகத்துக்கு நேரே சொல்லிப் பாரும்” என்று மட்டும் சொன்னேன். மறு ஆண்டு அதே ஊரில் அவரைக் கண்டேன். சொல்லிப் பார்த்தாராம், பயனில்லையாம். மண்டியை விட்டுவிட்டு ஒரு கடையில் பாதிச் சம்பளத்துக்கு இருப்பதாகச் சொன்னார். “முதலாளி வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தது, ஸ்வாமி. போனேன். யாரும் என்னோடு பேசவில்லை. காரியம் முடியும் வரை இருந்துவிட்டு வந்தேன்” என்றார்.

திருவரங்கத்து வரலாறு தாங்கள் அறிந்ததே. பெருமாள் தந்த ஸ்ரீரங்க விமானத்தை இலங்கைக்கு எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சென்ற விபீஷணன், காவிரிக்கரையில் இறக்கி வைத்தான். மீண்டும் எடுக்க முயன்றபோது அது அசையவில்லை. அவன் அழுதான். ‘இங்கேயே இருப்போம், ஆயினும் உன் திசை நோக்கியே கிடப்போம்’ என்று திருவாய் மலர்ந்தருளினார் எம்பெருமான். இன்றும் பெரிய பெருமாள் தெற்கு நோக்கியே கண்வளர்கிறார்.