ஸ்டெப்னிக்கும் காத்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் போயிருந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான். பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்துபோன சமாசாரம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பி.காம். எனக்குப் பிடித்தது, யார் யார் பெயரைப் போடக் கூடாது என்கிற பட்டியல்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவனோடு போச்சா என்றால் இல்லை. அவன் சித்தி பையன், அத்தை பையன், மாமன், மாமனார், மச்சான், மருமகன், அப்பா, பிள்ளை, ஒருத்தர் பெயரும் கூடாது. கணக்குக் காட்டாதது ஒருத்தன், மாட்டிக்கொள்வது ஊர்ப்பட்ட சொந்தம். கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது அப்போது. (நிலமும் வேதமும் உள்ளவர்களுக்கு மட்டுமேயான ஜனநாயகம் அது. இந்தக் கட்டுரையில் அடுத்து வரப்போகிறவர் பெயரை அந்தக் குடத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.)

சாயங்காலம் நாலரை மணி. வந்தவாசி சாலையில் ஆறு கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். பின்பக்கம் தடதடவென்று சத்தம். இடது டயர் காலி.

ரன்-ஃபிளாட் என்று ஒரு வகை டயர் இருக்கிறது. பக்கச்சுவரைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். காத்து மொத்தமும் போனாலும் வண்டியைத் தாங்கும். எண்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினால் பொதுவாக ஒரு எண்பது கிலோமீட்டர் வரை போய்விடலாம். என் கார் அந்த வசதியான ஜாதி இல்லை. சாதா டயரில் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காத்துதான். அது போனபிறகு உருட்டினால் ரிம்மே டயரை அறுத்துவிடும்.

ஓரங்கட்டினேன். ஹேண்ட் பிரேக், முதல் கியர், முன்சக்கரத்துக்கு முட்டுக் கல். ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கினபிறகு திருகினால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டி ஜாக்கியை விட்டு நழுவவும் நழுவும். எல்லாம் தெரியும் எனக்கு. அந்தப் பெருமையோடு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கீழே போட்டேன். தொப்பென்று விழுந்தது. துள்ளவில்லை. காலால் அமுக்கினால் உள்ளே போகிறது. மூன்று வருஷமாக அதைத் தொட்டதே இல்லை.

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர் தெரியுமா? பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் இருக்கிறது. 1904-ல் டேவிஸ் என்ற அண்ணன் தம்பிகள் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்துகொண்டிருந்தன. நம் ஊரில் அந்தத் தெருப் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. 2020-ல் நம் அரசாங்கம் விதியைத் திருத்தி, ட்யூப்லெஸ் டயரும், காத்தழுத்தம் காட்டும் கருவியும், ரிப்பேர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது. என் காருக்கு ரொம்ப நாளாகவே கட்டாயமில்லாமல்தான் இருந்திருக்கிறது.

உதவி வண்டிக்குப் போன் போட்டேன். ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்போதுதான் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. ரெண்டு பக்கமும் பால் கேன். ஐம்பது வயசு சொல்லலாம்.

"இன்னா சார், பஞ்சரா?"

"ஸ்டெப்னியிலயும் காத்து இல்லண்ணா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேன்களை அவிழ்த்து என் கார் நிழலில் வைத்தார். சக்கரத்தைத் தூக்கி எக்ஸெல்லின் முன்பக்கம் படுக்கவைத்தார். "உத்திரமேரூர்ல அடிச்சினு வந்துடறேன். பாலைப் பாத்துக்குங்க, நாய் வரும்" என்று வண்டியைக் கிளப்பினார்.

இனி சொல்வதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ரிம்மோடு சேர்த்து அந்தச் சக்கரம் ஐயாயிரம் ரூபாயாவது பெறும். மனுஷன் திரும்பி வராவிட்டால்? மெசேஜ் பார்ப்பதுபோல பாவனை பண்ணி எக்ஸெல்லின் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அவர் போனபிறகுதான் காலடியில் இருந்த கேன்களைப் பார்த்தேன். பால் தளும்பாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கோல் செருகியிருந்தது. என் பெயர், ஊர், எதுவும் அவர் கேட்கவில்லை.

வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, முதல் கடை பூட்டியிருந்ததாம். அவரே சக்கரத்தை மாட்டினார். எதிரெதிர் நட்டாக முடுக்கி, ஜாக்கியை இறக்கி, மறுபடி ஒரு முடுக்கு. நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"காத்துக்கு இருவது ரூபா குடுத்தேன் சார். அத்த மட்டும் குடுங்க."

இருபது ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேன்களைக் கட்டும்போது, "சொசைட்டி மூடியிருப்பாங்களோ?" என்று கேட்டேன்.

"மூடியிருப்பாங்க. உறை ஊத்திக்கலாம், வுடுங்க."

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு முப்பத்தைந்து, நானூற்று இருபது ரூபாய். கிட்டத்தட்ட நான் நீட்டிய தாள்தான். அவருக்கு மட்டும் அந்தக் கணக்கு தெரியாதா? இருபது ரூபாய் கடன், அதை விடாமல் கேட்டு வாங்கினார். மிச்சத்தை அவர் விற்கவில்லை. நானோ அதற்கு விலை போட்டு, அந்த இடத்திலேயே பைசல் பண்ணிவிட்டு நிம்மதியாகப் போகப் பார்த்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "நீங்க வேற யாருக்காவது உதவி பண்ணுங்க, சரியாப் போயிடும்" என்றாள். எல்லோரும் சொல்வதுதான். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ராமசாமிக்குக் கொடுக்க வேண்டியதைக் கோவிந்தசாமி கணக்கில் வரவு வைத்தால் ராமசாமி கணக்கு தீருமா? எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். நான் ஊரெல்லாம் ஓடி ஓடி உதவினாலும் அன்றைக்கு விற்காமல் போன பால் போனதுதான். அந்த நஷ்டத்தை உண்டாக்கியது ஆணி இல்லை. ஆணி குத்தியது என் டயரை மட்டும்தான். பாலைக் கெடுத்தது, மூன்று வருஷமாக ஐந்து நிமிஷம் ஒதுக்காத என் சோம்பேறித்தனம். அது என் சொந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என் சித்தி பையன்கூட இல்லை.

எல்லோரும் ஸ்டெப்னியில் காத்து அடித்து வைத்துக்கொண்டால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியிருக்காதே, அது நல்ல உலகமா என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் அடுத்தவன் நல்லவனாக இருக்க வாய்ப்புக் கொடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியுமா? பால் அவருடையது சார்.

மறுநாள் காலை பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் காத்து பார்த்தார்கள். பஞ்சர் போட்ட டயர்தான் இப்போது ஸ்டெப்னி. "அதுக்கும் பாருப்பா" என்றேன். பையன் டிக்கியை எட்டிப் பார்த்தான். கல்யாணத் தாம்பூலப் பைகள், பழைய பேப்பர் கட்டு, குடை, ஒரு ஜமுக்காளம்.

"இத்தினியும் எறக்கணுமே சார்."

"எறக்கு."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.