ஓரெழுத்தும் ஒரு வணக்கமும்

‘வந்தான்’ என்கிறோம், ‘வந்தார்’ என்கிறோம். இரண்டுக்கும் இடையே மாறுவது ஈற்றெழுத்து ஒன்றே. ‘ன்’ போய் ‘ர்’ வந்தது, அவ்வளவுதான்! ஆனால் அந்த ஓரெழுத்தை ஆயுள் முழுதும் உழைத்தும் பெறாமல் மடிகிறார் ஒருவர். தொட்டிலிலேயே பெற்றுக்கொள்கிறார் மற்றொருவர். ஈதென்ன நீதி?

‘ர்’ என்பது பலர்பால் ஈறு. ஆணென்றும் பெண்ணென்றும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஒருவரைப் பலராக்கிக் கூறுவது வழக்கிலே தோன்றிய உயர்சொல். இலக்கண நெறி அன்று எனச் சொல்லதிகாரத்திலே தொல்காப்பியர் வரைந்துவிட்டார். எத்துணைத் தெளிவு! மரியாதை ஆண்டவன் அருளியதன்று, முற்பிறவிப் பயனுமன்று. மனிதர் பழக்கத்தால் உண்டாக்கியது. ‘ர்’ ஒருவருக்கே உரியதாகிவிட, பலரைக் குறிக்கக் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றனர். பின்னர் அதையும் பெரியமனிதர் ஒருவருக்கே சூட்டினர். அந்தக் ‘கள்’ தொல்காப்பியத்தில் அஃறிணைப் பெயருக்குச் சொல்லப்பட்ட ஈறு என்பதை மாலைக்குக் கழுத்து நீட்டுவோர் அறிவாரோ, அறியோம்!

இவ்வெழுத்தின் எடையைச் சேலம் அறியும். 1944 ஆகஸ்ட் 27 அன்று இங்கு கூடிய மாநாட்டில்தான் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் ‘திராவிடர் கழகம்’ ஆயிற்று. வெள்ளையர் தந்த பட்டங்களைத் துறக்கவேண்டும் என்ற தீர்மானமும் அங்கேதான் பிறந்தது. 1949-இல் பிரிந்து சென்றவர்கள் ‘திராவிட முன்னேற்றக் கழகம்’ எனப் பெயரிட்டபோது ‘ர்’ விடுபட்டது. எழுத்து இருந்தால் மக்கள். நீங்கினால் நாடும் அடங்கும்!

சேலம், நாமக்கல் சமவெளி மரியாதைக்குப் பேர்போனது. ‘ஏனுங்க’, ‘சரிங்க’, ‘வாங்க’ என ‘ங்க’ இல்லாமல் பேச்சே ஓடாது. தவழும் குழந்தையையும் ‘வாங்க சாமி’ என்று கொஞ்சுவர். அதே வாய், காட்டிலும் தோட்டத்திலும் நாற்பதாண்டு பாடுபட்ட முதியவரை என்னவென்று அழைக்கிறது? மீசை அரும்பாத சிறுவன் ‘டேய்’ என்கிறான். நரைத்த தலை ‘வந்துட்டேனுங்க சாமி’ என்கிறது. குழந்தைக்கும் ‘சாமி’, எசமானுக்கும் ‘சாமி’. சேரிக்காரருக்கு மட்டும் பெயரும் அரைப்பெயர்! எல்லா ஊரிலும் இப்படியே என்று நாம் சொல்லவில்லை. பள்ளியும் பேருந்தும் விசைத்தறியும் எவ்வளவோ மாற்றியுள்ளன. எஞ்சியிருப்பதைத்தான் சொல்லுகிறோம்.

இனி, வணக்கம். நமஸ்காரத்தை இறக்கி வணக்கத்தை மேடையேற்றினோம்; 1967-இல் ஆட்சி மாறியபின் அரசு ஏடுகளில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்தது. நன்று. ஆனால் சில இளைஞர் கேட்கின்றனர்: ‘வணங்கு என்றாலும் வளை என்றுதானே பொருள்? தன்மானம் பேசுவோர் ஏன் வளையவேண்டும்?’

நியாயமான கேள்வியே. வேர்ச்சொல்லைத் தோண்டினால் நமஸ்காரமும் வளைவுதான். ஆகவே, வைத்த வணக்கம் திரும்பி வருகிறதா என்று பார்க்கவேண்டும். திரும்பி வந்தால் இருவர் தலையும் ஒருங்கே தாழ்கின்றன, உயர்ந்தவர் எவருமிலர். வராவிட்டால் அதற்குப் பெயர் வணக்கமன்று, கப்பம்! ஊராட்சித் தலைவர் தெருவில் நடக்கும்போது எத்தனை கைகள் குவிகின்றன, அவர் கை எத்தனை முறை குவிகிறது என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே. வரவு செலவு விளங்கிவிடும்.

‘அன்பிருந்தால் ‘டா’ போட்டால் என்ன? பக்தர்கள் கடவுளையே ‘அவன்’ என்கிறார்களே!’ என்று மடக்குவோரும் உண்டு. கடவுள் மறுத்துப் பேசுவதில்லை. அது அவருடைய வசதி. நண்பர் நம்மை ‘டா’ என்றால் நாமும் அவரை ‘டா’ என்கிறோம், அங்கே குறையேதுமில்லை. அந்தத் தோட்டத்து முதியவர் அந்தச் சிறுவனை ஒருமுறை, ஒரே ஒருமுறை, ‘ஏண்டா’ என்று திருப்பி அழைக்கட்டும். அதன்பின் உட்கார்ந்து அன்பைப் பற்றிப் பேசலாம்.